கூட்டிச் சொன்ன கணக்கு

"எத்தினின்னு சொன்ன?"

தங்கையன் வாயைத் திறக்கவில்லை. அடுப்படியில் சோற்றுப்பானை கவிழ்ந்திருந்தது. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு அவன் முன்னால் வைத்துவிட்டு அம்சவல்லி நின்றாள். மற்ற நாளில் 'நீங்க, வாங்க' என்றுதான் புருசனைக் கூப்பிடுவாள். கோபம் ஏறினால் அந்த 'ங்க' கழன்று விழுந்துவிடும். அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே கழன்றுதான் கிடந்தது.

"ஒன்னத்தான் கேக்குறேன். போன தையில அந்த பைனாகுலர்காரரு கேட்டப்ப எத்தினின்னு சொன்ன?"

"அவரா நாலாயிரம்னாரு. நான், கோரைக்குள்ள இன்னும் அம்புட்டு கெடக்குன்னேன்."

"எண்ணிப் பாத்தியா?"

"பறவைய எவன் எண்ணுவான்?"

"எண்ணாததுக்கு வாயி என்னாத்துக்கு?"

"நல்லதுன்னு நெனச்சேன் புள்ள."

"நல்லது. அந்த நல்லதுதான் நடு வயல்ல நிக்குது, போயிப் பாரு. வெள்ளையடிச்சு நம்பரும் போட்டுருக்கானுவ."

வயல் நடுவில் நின்றது எல்லைக்கல். காலையில் வனத்துறை ஆட்கள் டிராக்டரில் கொண்டுவந்து இறக்கி, குத்துக்குத்தாகத் தூர் கட்டி நின்ற பயிரை மிதித்து, குழி பறித்து நட்டார்கள். குமிழங்குடி ஏரியைச் சுற்றி வரிசையாகக் கல். கல்லுக்கு உள்பக்கம் பறவைகள் சரணாலயம். கீழத்தெரு சனத்தின் பயிர் பூராவும் கல்லுக்கு உள்பக்கம். தலையாரி வந்து தெருமுனையில் நின்று சொல்லிவிட்டுப் போனார்: "இந்த அறுப்ப அறுத்துக்கலாம். தையில திரும்ப ஒரு தடவ எண்ணுவாங்க. போன வருசக் கணக்கு சரியா இருந்தா ஆர்டர் வந்துடும். அப்புறம் ஏரிக்குள்ள எவனும் கால் வைக்கக் கூடாது."

அந்த நிலம் வந்த கதை தெருவில் எல்லோருக்கும் தெரியும். கூலி கேட்டுச் செங்கொடி பிடித்த வருசம். மிராசுதார் உத்திராபதி வீட்டுப் பண்ணையில் கீழத்தெரு ஆள் ஒருவரையும் சேர்க்கவில்லை. நடவுக்கு வெளியூர் ஆள் வந்தது. தெருவில் உலை வைக்க அரிசி இல்லை. அப்போது தங்கையனின் அப்பா ரெத்தினமும் இன்னும் சிலரும் ஏரியின் மேல்கடையில், புதாற்று வாய்க்கால் தண்ணீர் கொண்டுவந்த வண்டல் மேடு தட்டிக் கிடந்த இடத்தில் இறங்கினார்கள். ஆள் உயரம் நின்ற காட்டாமணக்கை வெட்டி, வேரைத் தோண்டி, கையால் வரப்புப் போட்டு நட்டார்கள். அன்றிலிருந்து வருசா வருசம் தாசில் ஆபீசிலிருந்து ஆள் வந்து ஆக்கிரமிப்பு என்று தண்டத்தீர்வை போடுவார். கட்டுவார்கள். ஜமாபந்தியில் பட்டா கேட்டு மனுக் கொடுப்பார்கள். சூரியன் கட்சி வந்தால் கொடுக்கிறேன் என்றது. இலைக் கட்சி வந்தால் கட்டாயம் கொடுக்கிறேன் என்றது. பட்டா வரவில்லை. நெல் வந்தது. வீட்டுக்கு நாலு மா, மூன்று மா; ஒரு ஏக்கர், மிஞ்சினால் ஒன்றே கால். பெரிய சொத்து இல்லை. ஆனால் குதிரில் நெல் இருக்கிறவர்களைக் கூப்பிட்ட கூலிக்குக் கூப்பிட முடியாது. மிராசுதாரின் வயிற்றெரிச்சல் அந்தக் குதிர்தான்.

தங்கையன் முட்டாள் இல்லை. குமிழங்குடியில் கணக்குக்கு இரண்டு விதி உண்டு. அந்த விதிப்படிதான் அவன் நடந்தான். களத்தில் மிராசு வந்து நின்று "எத்தினி கலம் கண்டுச்சு?" என்று கேட்டால் குறைத்துச் சொல்ல வேண்டும். சர்க்கார் ஆள் வந்து எதைக் கேட்டாலும் கூட்டிச் சொல்ல வேண்டும். பெருவெள்ளம் வந்த வருசம் பாதிப் பயிர் போச்சு என்று உண்மையைச் சொன்ன பக்கிரிக்கு ஒரு படி அரிசி வரவில்லை. பூராவும் போச்சு என்று மாரில் அடித்துக்கொண்டவனுக்கு அரிசி, வேட்டி, மண்ணெண்ணெய். அப்படி இருக்கும்போது, ஏரிப் பறவையை எண்ண சர்க்கார் ஆள் வருகிறது என்றால் என்ன அர்த்தம்? பறவை தின்ற பயிருக்கு நிவாரணம் கொடுக்கப் போகிறார்கள் என்றுதானே.

அந்த நினைப்புக்கு டீக்கடையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் உத்திராபதிதான். "டேய் தங்கையா, நாளைக்குப் பறவ எண்ண வர்றாங்களாம். நீதான் ஏரி தெரிஞ்சவன், கூடப் போயிக் காட்டு. எம்புட்டு இருக்குதோ அம்புட்டு நல்லதுடா" என்றார். யாருக்கு நல்லது என்று சொல்லவில்லை. இவன் கேட்கவுமில்லை.

அவன் ஏரி முழுக்கச் சுற்றிக் காட்டினான். வந்தவருக்கு அம்சவல்லி நண்டுக் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். அதுதான் இப்போது அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது.

"வயல் நண்டு, வரப்பு வரப்பாக் கைய விட்டுப் புடிச்சு, இடிச்சுச் சாறு எடுத்து வச்சேன். இன்னொரு கை சோறு போடும்மான்னு வாங்கித் தின்னுட்டுப் போயி எழுதியிருக்கான் பாரு, நம்ம வவுத்துல அடிச்சு."

"அவரு நல்ல மனுசன் புள்ள. மன்னார்குடிக் காலேசு வாத்தியாரு. மிராசுதான்..."

"மிராசு யோக்கியத தெரியாதா ஒனக்கு? நெலத்துக்கு உச்சவரம்பு வந்தப்ப, மறைக்கிறதுக்குன்னு மடையடி வயல்ல மூணு ஏக்கர ஒங்கப்பன் பேருல எழுதிக் கைநாட்டு வாங்குனவரு. மாட்டுக்காரன் பேருல ரெண்டு, சமையக்காரன் பேருல நாலு. ஒங்கப்பன் மூணு ஏக்கர் மிராசுதாரு. அது தெரியாமலே வாய்க்கரிசிக்கு இல்லாம செத்துச்சு. அப்பேர்ப்பட்ட ஆளு நல்லதுன்னு சொன்னா, என்ன நல்லதுன்னு கேக்க வேணாம்?"

"இப்ப என்னாங்கற?"

"இனிமே சர்க்கார் ஆளு எவன் முன்னாலயாச்சும் நான் சொல்லாம நீ வாயத் தொறந்த... அவ்வளவுதான்."

கஞ்சியை அவன் குடிக்கவில்லை. அவளும் குடிக்கச் சொல்லவில்லை.

*

பொங்கல் கழிந்தும் பனி விடவில்லை. கீழத்தெருப் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு மடையடிக்கு நடந்தார்கள். மடையடி என்பது ஏரி மடைக்கு நேர் கீழே இருக்கிற மிராசு வயல். தாளடிப் பயிர் கதிர் வாங்கி, பால் பிடித்து நின்றது. கெண்டைக்கால் அளவு தண்ணீர் கட்டியிருந்தார்கள். இந்தப் பருவத்தில் பொழுது விடிவதற்குள் சிறவி வாத்தும் நாமக்கோழியும் கூட்டமாக வந்து இறங்கும். நீலக்கோழி தின்பதைவிட மிதிப்பது அதிகம். அதனால் கதிர் முற்றுகிற வரைக்கும் பறவை விரட்ட ஆள் உண்டு. ஆளுக்கு ஒரு எண்ணெய் டின், ஒரு கழி. டின் பண்ணையுடையது; வேலை முடிந்ததும் களத்துக் கொட்டகையில் கொண்டுபோய் அடுக்கிவிட வேண்டும்.

வரப்பில் இடம் பிரித்து நின்று அடிக்க ஆரம்பித்தார்கள். "ஓ... ஓய்! ஓ... ஓய்!"

"ஏண்டி அம்சவல்லி, இதுகளுக்கெல்லாம் பட்டா குடுத்துட்டாங்களாமே" என்றாள் எல்லையம்மாள். அம்சவல்லிக்கு அத்தாச்சி முறை. பல் எல்லாம் போனாலும் வாய் போகவில்லை.

"ஆமா அத்தாச்சி."

"நாம முப்பது வருசமா மனுக் குடுத்தோம். இதுவ ஒரு மனுவும் குடுக்கல. ரேசன் கார்டு எப்பவாம்?"

"எலெக்சனுக்கு முந்தி குடுத்துருவாங்க" என்றாள் அடுத்த வரப்பிலிருந்து கமலவல்லி. "ஓட்டு நாலாயிரம் இருக்குல்ல."

"எட்டாயிரம்னு சொல்லு. நம்ம தங்கையன்ல கோரைக்குள்ள பூந்து எண்ணியாந்தது."

பெண்கள் சிரித்தார்கள். அம்சவல்லி சிரிக்கவில்லை. டின்னை ஓங்கி அடித்தாள். அவளுக்கு நேர் எதிரே கதிருக்குள்ளிருந்து ஒரு கூட்டம் சிறவி சீழ்க்கையடித்துக்கொண்டு எழும்பியது. ஒரு வட்டம் அடித்தது. ஏரிக்கரையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. அடுத்த கூட்டம் எழும்பியது. அதுவும் கரை தாண்டி அந்தப் பக்கம். அந்தப் பக்கம்தான் கல். கல்லுக்கு உள்ளே அவளுடைய நாலு மா.

ஓங்கிய கழி ஓங்கினபடியே நின்றது.

"அத்தாச்சி."

"என்னாடி?"

"இதுவ எங்க போவுது பாருங்க."

"எங்க போவும்? ஏரிக்குத்தான்."

"யாரு வெரட்டி விடுறா?"

எல்லையம்மாளும் அடிப்பதை நிறுத்தினாள். கமலவல்லியும் நிறுத்தினாள். வரிசையாக டின் சத்தம் அடங்கியது. பனிக்குள் சிறவிகளின் சீழ்க்கை மட்டும் கேட்டது.

"நாமதான்டி" என்றாள் எல்லையம்மாள் மெதுவாக. "கூலி வாங்கிக்கிட்டு நாமதான் ஓட்டி விடுறோம்."

"அவரு வயல்லேர்ந்து நம்ம வயலுக்கு. அங்க சேந்தத எண்ணி, இம்புட்டு இருக்குன்னு எழுதி, நம்மள எந்திரின்னு சொல்றாங்க."

கமலவல்லி வாய்க்காலில் காறித் துப்பினாள்.

சத்தம் நின்றதும் களத்திலிருந்து உத்திராபதி வந்துவிட்டார். குடை இல்லாமல் நடக்க மாட்டார், பனிக்கும் குடை. ஆட்சி மாறினால் அவருடைய வேட்டிக்கரை மாறும். அந்தக் கரையை வைத்தே கீழத்தெருவில் கோட்டையில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

"என்ன அம்சவல்லி, டின்னு நின்னு போச்சு?"

"கை வலிக்குதுங்கய்யா."

"ஒனக்குக் கை வலிக்கிறது பறவைக்குத் தெரியுமா? பால் புடிக்கிற நேரம். ஒண்ணு எறங்குனா ஒரு குத்து போச்சு."

"ஏரிக்குள்ள எங்க கதிரும் இந்த நேரந்தானுங்க பால் புடிச்சுது. பாதிக்கு மேல சப்பிப்புடிச்சு."

"அது வேற, இது வேற. அது அதுங்க எடம். நீங்க போயி நடுவுல குந்திக்கிட்டீங்க." வெற்றிலைச் சாற்றை ஒதுக்கிக்கொண்டு பேசினார். "கடல் தாண்டி, மல தாண்டி வருது. நம்ம ஊருக்கு வந்த விருந்தாளி. விருந்தாளிய வெரட்டலாமா? திங்கட்டுமே, பாவம்."

"இஞ்ச வந்தாங்கய்யா?"

"இஞ்ச வந்தா வெரட்டத்தானே ஒங்களுக்குக் கூலி." சிரித்தார். அப்புறம் நல்லது சொல்கிறவர் போலக் குரலை இறக்கினார். "அந்தச் சேத்தக் கட்டிக்கிட்டு அழுது என்னாத்தக் கண்டீங்க? நெலம் இருக்கு நெலம் இருக்குன்னு போன வருசம் நடவுக்கு ஒருத்தி வரல. திருக்காட்டுப்பள்ளிலேர்ந்து லாரி வச்சு ஆள் எறக்குனேன். இனிமே அந்தச் சள்ள இல்ல. கூப்புட்ட நேரத்துக்கு வந்துருவீங்க. அடி, அடி, நிக்காத."

அவர் திரும்பி நடந்தார். எல்லையம்மாள் டின்னைத் தொட்டும் தொடாமலும் ஒரு தட்டுத் தட்டி, "விருந்தாளிக்கு எல போடுறது எங்க தலையிலயா?" என்றாள். அவர் காதில் விழுந்திருக்கும். திரும்பவில்லை.

*

மன்னார்குடியில் பறவை எண்ண வந்த வாத்தியார் தியாகுவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. காலேசுக்குப் பக்கத்தில் "பறவை வாத்தியார் வீடு" என்றால் காட்டினார்கள். தங்கையன் வாசலிலேயே நின்றான். தியாகு கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார். அம்சவல்லி உட்காரவில்லை.

"நண்டுக் குழம்பு வச்சவங்கதானே நீங்க? மறக்கவே முடியாதும்மா."

"நாங்களும் மறக்கலங்க."

அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. கல் நட்டதை அறிந்திருந்தார். கல்லுக்குள் வயல் இருக்கிறது என்றும் தெரிந்திருந்தது. நிவாரணத்துக்கான கணக்கு என்று தங்கையன் நினைத்தது மட்டும் அவருக்குத் தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் சொல்லியிருக்கணும். எதுக்கு எண்ணுறோம்னு நான் சொல்லியிருக்கணும்மா."

"சொல்லல. போவட்டும். இப்பக் கொறைச்சு எழுதுங்க."

"அது முடியாதும்மா."

"நாலாயிரத்த நானூறுன்னு எழுதுனா ஒங்க கை வெந்துருமா? ஒண்ணு ஒண்ணாவா எண்ணுறீங்க? குத்துமதிப்புதானே?"

"குத்துமதிப்பு இல்லம்மா." எழுந்து போய் உள்ளேயிருந்து ஒரு முறம் கொண்டுவந்தார். அதில் உளுந்தை அள்ளிப் பரப்பினார். "பத்த எண்ணணும். அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்குதுன்னு கண்ணுல வாங்கிக்கணும். அந்த மாதிரி பத்து சேர்ந்தா நூறு. நூறு எவ்வளவு அகலம்னு தெரிஞ்சுட்டா, கூட்டத்துல அந்த மாதிரி எத்தனை அகலம்னு பார்க்கணும். நெருக்கமா உட்கார்ந்தா வேற, பரவலா உட்கார்ந்தா வேற. பறக்கும்போது முன்னால போறது கொஞ்சமா இருக்கும், நடுவுல அடைச்சுக்கிட்டு இருக்கும். அதையும் பார்த்துக்கணும். நூத்துக்குப் பத்து முன்னப்பின்ன இருக்கும். நாலாயிரம் நானூறு ஆகாது."

"ஒரு வருசம் ஆகட்டுமே."

"நான் குறைச்சு எழுதினா, நாளைக்கு ஒருத்தன் வந்து இது ஏரியே இல்ல, மனையாப் போடுன்னு சொல்லுவான். அப்பவும் உங்க நிலம் போகும், பறவையும் போகும்."

"அப்பப் போறது அப்ப. இப்பப் போவுதே எங்களுக்கு!" அவள் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "பறவ போனா இன்னொரு ஏரிக்குப் போவும். அதுக்கு றெக்க இருக்கு. நாங்க எந்த ஏரிக்கு சார் போவோம்?"

தியாகு முறத்து உளுந்தை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"உங்க விஷயத்த நான் தனியா எழுதறேன். கலெக்டருக்கே எழுதறேன். ஆனா எண்ணிக்கைல கை வைக்க மாட்டேன். அன்னைக்கு எங்க இருக்குதோ, அங்க எத்தனை இருக்குதோ, அதைத்தான் எழுதுவேன். கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

தங்கையன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அம்சவல்லி பார்த்தாள். மூடிக்கொண்டான்.

காபி வந்தது. தங்கையன் குடித்தான். அவள் தம்ளரைத் தொடவில்லை. "ஒங்க வூட்டுல வாய் நனைச்சுட்டா அப்புறம் நான் ஒங்களத் திட்ட முடியாது" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

பஸ் வடுவூர் தாண்டியதும் அம்சவல்லி சன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னைக்கு எங்க இருக்குதோ அங்கங்கறாரே. அன்னைக்கு ஏரிக்குள்ள இல்லாமப் போச்சுன்னா?"

"அது எப்புடி இல்லாமப் போவும்?"

"டின்னு நம்ம கையிலதானே இருக்கு" என்றாள்.

*

எண்ணுகிற நாளன்று மிராசுதார் ஏரிக்கரையில் புளியமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார். பிளாஸ்கில் காபி, தட்டில் வடை. ரேஞ்சர் வந்திருந்தார், தாசில் ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்திருந்தார். தியாகு வடையைத் தொடாமல் கரை விளிம்பில் முக்காலியில் தூரப்பார்வைக் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார். தங்கையனும் நின்றான், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு.

"பாருங்க சார், கடல் மாதிரி கெடக்கு" என்றார் உத்திராபதி ரேஞ்சரிடம். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்தப் பறவைன்னா எங்களுக்கு உசுரு."

மடையடியில் அன்றைக்கு டின் சத்தம் இல்லை. சர்க்கார் ஆட்களைக் கவனிக்கிற மும்முரத்தில் அது அவருக்கு உறைக்கவில்லை. வழக்கம்போலக் கொட்டகையிலிருந்து டின்னை எடுத்த பெண்கள் வழக்கம்போல வயலுக்கு வரவில்லை. ஏரியைச் சுற்றி மேல்கடைக்குப் போய், அவரவர் வயல் வரப்பில், வெள்ளைக் கல்லுக்கு ஒருத்தியாக நின்றார்கள். அம்சவல்லி தன் வயல் கல்லின் மேலேயே டின்னை வைத்தாள்.

தியாகு குழாயில் கண்ணை வைத்தார்.

முதல் அடி அவளுடையது. அடுத்தது எல்லையம்மாள். அப்புறம் எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. கூலிக்கு அடிக்கிற அடிக்கு ஒரு சோம்பல் உண்டு. இது அந்த அடி இல்லை. வருசா வருசம் கட்டின தண்டத்தீர்வைக்கு ஒரு அடி, ஜமாபந்தியில் கால் கடுக்க நின்றதற்கு ஒரு அடி, செத்துப்போன ரெத்தினத்துக்கு ஒரு அடி. கழி முறிந்தவள் கல்லை எடுத்து அடித்தாள். கோரைக்குள் இறங்கி, மார்பளவு தண்ணீரில் நின்று தலைக்கு மேல் டின்னைத் தூக்கி அடித்தாள் கமலவல்லி.

ஏரி எழும்பியது. தண்ணீரின் மேல் கிடந்த கறுப்பெல்லாம் ஒரே நேரத்தில் பிய்ந்து மேலே போனது போல. இறக்கைச் சத்தத்தில் டின் சத்தம் அமுங்கியது. கரையில் நின்றவர்கள் மேல் நிழல் ஓடியது.

"யாரது? யாரு அங்க?" ரேஞ்சர் கத்தினார். "நிறுத்தச் சொல்லுங்க!"

"வேணாம் சார்! நிறுத்த வேணாம்!" தியாகு குழாயை விட்டுவிட்டுக் கழுத்தில் தொங்கின பைனாகுலரைத் தூக்கியிருந்தார். "கோரைக்குள்ள இவ்வளவா இருந்துது? உட்கார்ந்திருந்தா எனக்கு இது தெரிஞ்சே இருக்காதே! தங்கையன், நீங்க சொன்னது சரி. இன்னும் அவ்வளவு. இன்னும் அவ்வளவே இருக்கு!"

தங்கையனின் முகத்தில் ஒரு கணம் பெருமை வந்துவிட்டது. தான் சொன்னது பொய் இல்லை. அடுத்த கணம் அது என்ன என்று உறைத்து, மேல்கடைப் பக்கம் பார்த்தான். அங்கே வரப்பில் நின்றவளுக்கும் தியாகு கத்தியது காற்றில் கேட்டது. அவள் கழியைத் தாழ்த்தினாள். ஒழித்துக்கட்ட அடித்த அடி, ஒளிந்து கிடந்ததையும் சேர்த்துக் கணக்கில் ஏற்றிவிட்டது. அவள் வானத்தைப் பார்த்து, "எறங்காதீங்க, பாவிகளா, எறங்காதீங்க" என்று மறுபடியும் அடித்தாள்.

பறவைகள் ஒரு வட்டம் போட்டன. இரண்டாவது வட்டம் தாழ்ந்து வந்தது. மேல்கடையில் டின் அடங்கவில்லை. தண்ணீருக்குள்ளும் பெண்கள். இறங்க இடமில்லை. மூன்றாவது வட்டத்தில் கூட்டம் அகன்று, ஏரிக்கரையையும் புளியமரத்தையும் நாற்காலிகளையும் தாண்டியது. கரைக்குக் கீழே தண்ணீர் இருந்தது, பால் பிடித்த கதிர் இருந்தது. விரட்ட ஒரு ஆள் இல்லை.

மடையடியில் முதல் கூட்டம் இறங்கியது. அதைப் பார்த்து அடுத்தது. அப்புறம் கொட்டிக்கொண்டே இருந்தது.

உத்திராபதி எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

"ஏய்! ஏய், என் வயலு! வெரட்டுங்கடி! எவடி அவ, இஞ்ச ஓடியாங்கடி!"

டின் சத்தம் நின்றது. கரைமேல் ஒவ்வொருத்தியாக வந்து ஏறினார்கள், ஈரம் சொட்டச் சொட்ட, கையில் டின்னோடு. அம்சவல்லி முன்னால் வந்தாள். கீழே வயல் தெரியவில்லை, பறவைதான் தெரிந்தது.

"பாத்துக்கிட்டு நிக்கிற! அடிடி!"

"கை வலிக்குதுங்கய்யா."

"அம்சவல்லி!"

"விருந்தாளிங்கய்யா. கடல் தாண்டி வந்துருக்கு" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. "திங்கட்டுமே, பாவம்."

எல்லையம்மாள் தன் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். கமலவல்லி உட்கார்ந்தாள். வரிசையாக எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள், பண்ணை டின்னின் மேல்.

உத்திராபதி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தானே சரிவில் இறங்கி ஓடினார். "ஹேய்! ஹேய்!" என்று கையைத் தட்டினார். முழங்கால்வரை சேற்றில் போனார். அவர் தட்டின பக்கம் பத்து எழும்பி இருபது அடி தள்ளி உட்கார்ந்தது.

"சார்! கலைக்காதீங்க சார்!" மேலேயிருந்து தியாகு கத்தினார். கண் பைனாகுலரில் இருந்தது, கட்டைவிரல் விரல்கணுக்களில் நூறு நூறாக நகர்ந்துகொண்டிருந்தது. "எண்ணிக்கிட்டிருக்கேன்! தயவுசெஞ்சு நில்லுங்க!"

"எண்ணாத! யோவ், எண்ணாதய்யா! இது பட்டா நெலம்யா!"

ரேஞ்சர் சரிவின் விளிம்புக்கு வந்தார். "எறங்கின எடத்தையும் எழுதணும் சார், அதான் முறை. இரை எடுக்கிற எடம். யாரோட பட்டா இது?"

உத்திராபதி வாயைத் திறந்தார். தாசில் ஆபீஸ்காரர் வடையைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். தன்னது என்றால் உச்சவரம்பு இடிக்கும், இல்லை என்றால் நிலம் போகும். அவரைச் சுற்றிப் பறவைகள் கதிரை இழுத்துத் தின்றுகொண்டிருந்தன.

"உங்களுதுன்னுதானே சொன்னீங்க? உங்க பேருலதானே இருக்கு?" ரேஞ்சர் மறுபடியும் கேட்டார்.

தங்கையன் வாயைப் பொத்தியிருந்த துண்டை எடுத்தான். பெண்சாதியைப் பார்த்தான். கல் நட்ட நாளிலிருந்து அவன் எந்தச் சர்க்கார் ஆள் முன்னாலும் வாயைத் திறந்ததில்லை.

"சொல்லுங்க" என்றாள் அம்சவல்லி. "கூட்டாம, கொறைக்காம சொல்லுங்க."

"எங்கப்பா பேருலங்க" என்றான் தங்கையன். "ரெத்தினம். குமிழங்குடி கீழத்தெரு. மூணு ஏக்கர்."